நாலு வரி விளம்பரத்தில் அடங்காத வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில், தரங்கம்பாடியில் கடற்கரை அருகே 20 குழி மனையுடன் பழைய வீடு விற்பனைக்கு என்று நாலு வரி வந்தது. அது எங்கள் வீடு. விளம்பரத்தை எழுதிக் கொடுத்தது என் அண்ணன். அவரைக் குறை சொல்லவில்லை, நாலு வரியில் வேறென்ன எழுத முடியும்? ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்த பதினோரு தொலைபேசி அழைப்புகளையும் எடுத்துப் பேசியது நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

முகப்பு எத்தனை அடி, தெரு எத்தனை அடி, கார் உள்ளே வருமா, கடல் எத்தனை மீட்டர், பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கம் உண்டா. எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். நானும் சொன்னேன். முகப்பு 24 அடி, நீளம் 120 அடி, மொத்தம் 2,880 சதுர அடி, அதுதான் அந்த 20 குழி. நாற்பது வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள் என்பதால் எண்கள் எனக்குப் பிடிக்கும், தயங்காமல் சொல்வேன். ஆனால் பதினோரு பேரில் ஒருவர்கூட வீட்டுக்குள் எத்தனை அறை என்று கேட்கவில்லை. ஒருவர் மட்டும் வீட்டைப் பற்றிப் பேசினார். "இடிச்சு சுத்தம் பண்ணிக் குடுப்பீங்களா, இல்ல நாங்களே இடிச்சுக்கணுமா?" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டை விற்பதில் எனக்கு மறுப்பு இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாலு பேர். அண்ணன் சென்னையில் இருக்கிறார், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு படி ஏற முடியாது. அக்கா கும்பகோணத்தில். தம்பி சிங்கப்பூரில், அவன் பிள்ளைகள் இங்கே வந்து வாழப்போவதில்லை. திருமணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு இருந்தவள் நான். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு வயது 68. ஓடு மாற்ற ஆளை ஏற்றிவிட்டுக் கீழே நின்று மேற்பார்வை பார்க்கக்கூட இப்போது கழுத்து வலிக்கிறது. விற்கத்தான் வேண்டும். வீட்டை வீடாக விற்க முடியவில்லை என்பதுதான் என் வேதனை. வாங்க வருகிறவர்கள் மனையாகவும் மரமாகவும் பிரித்துத்தான் வாங்குவோம் என்கிறார்கள்.

அந்த நாலு வரியில் இல்லாததை இங்கே எழுத இடம் கொடுங்கள்.

வாசல் நிலைக்கு மேலே 1914 என்று செதுக்கியிருக்கிறது. தாத்தா பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போய், மூன்று தடவை வந்து வந்து திரும்பி, சேர்த்த காசில் கட்டியது. தெருவாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. அதைத் தாண்டினால் ரேழி என்கிற நடை, பிறகு முற்றம். முற்றத்தைச் சுற்றி எட்டுத் தூண்கள். பர்மா தேக்கு என்று அப்பா சொல்வார். ஒவ்வொரு தூணுக்கும் கீழே கருங்கல் ஆதாரம், மேலே உத்திரத்தைத் தாங்கும் பூவேலை செய்த போதிகை. தாழ்வாரம் முழுக்க நாட்டு ஓடு. முன்கட்டு அறைகளுக்கு மேலே மட்டப்பா, அதாவது தட்டையான கூரை. கூடத்தில் ஊஞ்சல். அதை ஒட்டி, நாங்கள் நாலு பேரும் பிறந்த காமரா உள் என்கிற அறை. இரண்டாம் கட்டில் சமையலறை, நெல் கொட்டி வைக்கும் பத்தாயம். கொல்லையில் கிணறு, மாட்டுக்கொட்டில், இரண்டு தென்னை, ஒரு புன்னை.

வீடு கிழக்குப் பார்த்தது. சித்திரை வெயிலில் காலை முழுக்கப் புழுங்கும். மதியம் தரை சூடேறிய பிறகு கடற்காற்று கிளம்பும். திண்ணையைத் தாண்டி ரேழிக்குள் நுழைகிற காற்று, முற்றத்தில் மேலே எழும் சூட்டை வெளியே தள்ளிவிட்டு, கூடம் வழியாகக் கொல்லைக்குப் போகும். எல்லாக் கதவுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பது அதற்காகத்தான். வாசலில் நின்றால் கொல்லைக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் தெரியும். அக்னி நட்சத்திரத்தில்கூட மூன்று மணிக்கு மேல் நாங்கள் மின்விசிறி போட்டதில்லை. மின்கட்டண அட்டைகளை எல்லாம் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மழைக்காலம் இன்னும் நன்றாக இருக்கும். நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் விழும். மூலைக்கு ஓர் அண்டா வைத்துப் பிடிப்போம். மிச்சம் சலதாரை வழியாகத் தெருவுக்குப் போய்விடும். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தபோது விடிய விடியக் கொட்டிய மழையிலும் முற்றத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கவில்லை. அந்தச் சலதாரையின் சரிவைக் கணக்கிட்ட கொத்தனார் யாரென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

1996-ல் இருந்து வீட்டுப் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு நோட்டு போட்டு எழுதி வருகிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. இந்த வீட்டையோ இதுபோன்ற இன்னொரு வீட்டையோ வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதையும் சொல்கிறேன்.

1999-ல் ரேழிச் சுவரில் ஓதம், அதாவது தரையீரம், ஏறியிருந்தது. அடியில் ஒரு முழம் உயரத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருந்தது. "சிமெண்ட் போட்டுப் பூசிட்டா இனிமே கவலையே இல்ல" என்றார் வேலைக்கு வந்தவர். நானும் சரி என்றேன். இரண்டு வருஷம் பளபளவென்று இருந்தது. மூன்றாம் வருஷம் இடுப்பு உயரத்தில் பெயிண்ட் கொப்பளித்தது. நாலாம் வருஷம் தோள் உயரத்தில் வெள்ளையாக உப்பு பூத்தது. தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் போலச் சத்தம். ஓர் இடத்தில் பூச்சு பெயர்ந்து விழுந்தபோது பார்த்தேன், செங்கல் ரஸ்க் போல நொறுங்கியிருந்தது. சுண்ணாம்பு இருந்த காலத்தில் ஒரு முழத்தில் நின்ற ஓதம், நான் அதை மூடியதால் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது.

பிறகு ஆக்கூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான கொத்தனார்தான் விளக்கினார். கடற்கரை மண்ணில் இருக்கிற ஈரம் உப்போடு சேர்ந்துதான் சுவரில் ஏறும். அது வெளியேற வழி வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு வழி விடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் மேலே மேலே போகும். எங்கே காய்கிறதோ அங்கே உப்பு உறைந்து பருத்து, செங்கல்லை உள்ளிருந்தே பிளக்கும். "சுண்ணாம்பு உதிர்ந்தா உதிரட்டும்மா, அது சுவருக்காக உதிருது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ஒரு முழத்தை மட்டும் திரும்பப் பூசுங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவர் வந்தது 2005-ல், சுனாமிக்கு அடுத்த கோடையில். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தெருவில் ஓடி வந்தவர்களின் கூச்சலைக் கேட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு மட்டப்பா மேலே ஏறிவிட்டேன். தண்ணீர் ரேழியில் ஒரு முழம் நாலு விரல் வந்து நின்றது. எங்களுக்கு அதோடு போயிற்று. கரையை ஒட்டி இருந்த மீனவர் குடியிருப்புகளில் நடந்ததை எழுத என்னால் ஆகாது. என்னோடு சங்கத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டிலும் துக்கம். திண்ணையிலும் கூடத்திலும் இரண்டு மாதம் நாலு குடும்பங்கள் தங்கின. கிணறு உப்பாகிவிட்டது. பல தடவை இறைத்தும் மாறவில்லை, அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகுதான் வாயில் வைக்க முடிந்தது.

அந்தக் கடல் தண்ணீர் ஊறிய சுவர்களைத்தான் பெரியவர் சரி செய்தார். முதலில் நான் போட்ட சிமெண்டைக் கொத்தி எடுத்தார். சுவரை மூன்று மாதம் அப்படியே வெறுமனே விட்டார். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொல்லையில் குழி வெட்டிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஆற வைத்தார். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு ஊறப்போட்ட தண்ணீரில் கலவை குழைத்தார். வீடு முழுக்க ஒரு மாதிரிப் புளித்த வாசம். அம்மாவுக்கு அது தன் சின்ன வயதை ஞாபகப்படுத்தியதாம், தினமும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அந்தச் சுவர் இன்றைக்கும் உலர்ந்து இருக்கிறது. பெரியவர் இப்போது இல்லை. அவர் பையன் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருக்கிறார், சுண்ணாம்பு வேலை கற்றுக்கொள்ளவில்லை. பெரியவரிடம் சித்தாளாக இருந்த ஒரு பெண்மணிக்கு மட்டும் கலவைக் கணக்கு தெரியும். அவரும் இப்போது நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

சரி, விற்பனைக்கு வருகிறேன்.

விளம்பரம் வந்த இரண்டாம் வாரம் பழைய மரச்சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். மனை யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், இடிமானத்தை மட்டும் தான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எட்டுத் தூண், போதிகை, உத்திரம், வாசல் நிலையும் கதவும், பத்தாயப் பலகை, ஊஞ்சல், தரைக் கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு லட்சம் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினோரு பேரும் கேட்காத வீட்டை அவர்தான் பார்த்தார். ஒவ்வொரு தூணையும் விரல் மடக்கித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். மூன்றாவது தூணின் அடியில் பழைய கரையான் தடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். எனக்கே அது தெரியாது. "இந்த மாதிரி மரம் இனிமே வராதும்மா. ரிசார்ட்டு, பெரிய பங்களாக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். எங்கள் முற்றத்துத் தூண் ஏதோ ஒரு விடுதியின் வரவேற்பறையில், மேலே எதையும் தாங்காமல், அழகுக்காக நிற்கும் என்பதை நினைத்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. அவர் போகும்போது வாசல் கதவின் குமிழைத் தடவிக்கொண்டே போனார்.

அதற்கு அடுத்து வந்தவர்களைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

திருவாரூர் பக்கத்திலிருந்து ஓர் இளம் தம்பதி. கணவருடைய அப்பாவும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் கூட வந்தார்கள். இரண்டு பேருக்கும் காரைக்காலில் வேலை. நகரத்து அடுக்ககத்தில் வயதான அப்பாவை அடைத்து வைக்க மனமில்லை, திண்ணை வைத்த வீடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர்கள். குழந்தை வந்த உடனே முற்றத்தில் இறங்கி வானத்தைப் பார்த்து ஒரு சுற்று சுற்றியது. குழந்தையின் தாத்தா திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தார், சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் எழுந்தார். மூன்று தடவை வந்தார்கள். என் பராமரிப்பு நோட்டை வாங்கி அந்தப் பெண் செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார். அண்ணன் கேட்ட விலைக்கு அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பாதிக்கு மேல் வங்கிக் கடன்தான் என்றார்கள். யாருக்குத்தான் அப்படி இல்லை?

வங்கியிலிருந்து பொறியாளர் வந்தார். அரை மணி நேரம் இருந்தார். கட்டடத்தின் வயது என்ன, கூரை கான்கிரீட்டா என்று இரண்டு கேள்வி. இரண்டுக்கும் பதில் சாதகமாக இல்லை. கட்டடத்துக்கு மீதி ஆயுள் இல்லை என்று எழுதிவிட்டார். கடன் காலம் முடியும்வரை கட்டடம் நிற்கும் என்று சான்று இல்லாமல் கடன் கிடையாதாம். அந்த வங்கியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இன்னொரு வங்கியிலும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பத்திரச் செலவு வேறு கையிலிருந்து போட வேண்டும். அந்தத் தம்பதி என்ன செய்வார்கள்? அந்தப் பெண் அழைத்து "மன்னிச்சுக்கங்க அத்தை" என்று சொன்னபோது எனக்கும் பேச்சு வரவில்லை.

ஐயா, எங்கள் தெருவில் 1994-ல் கட்டிய ஒரு கான்கிரீட் வீடு இருக்கிறது. அதன் போர்டிகோவில் கம்பி வெளியே தெரிகிறது. கடற்காற்றில் இருக்கிற உப்பு மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்துகொள்ளும். கடலோரத்தில் கம்பிக்கு மேலே போதிய கனத்துக்குத் தரமான கான்கிரீட் போடாத வீடுகள் எல்லாவற்றுக்கும் இதுதான் கதி. எங்கள் மட்டப்பாவில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, அதற்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்த கூரை அது. நூறு வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறது, சுனாமியன்று என்னையும் அம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துப் பதினேழு பேரைத் தாங்கியது. அதற்கு மீதி ஆயுள் இல்லை என்று ஒரு காகிதம் சொல்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பழைய வீட்டில் வாழ ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள், கடன் இல்லாமல் வாங்க முடியாது. கடன் வேண்டாத கையிருப்புப் பணக்காரர்களுக்கு வீடு தேவையில்லை, மனைதான் தேவை. எங்கள் வீடு ஒன்று மட்டும் இல்லை, தரங்கம்பாடியிலும் நாகூரிலும் காரைக்காலிலும் பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட தெருக்களில் ஒவ்வொரு வீடாகப் பல்லு விழுந்த மாதிரி காணாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மக்களுக்கு ரசனை போய்விட்டது என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. ரசனை உள்ளவர்கள் என் வீட்டுக்கு மூன்று தடவை வந்து போனார்கள்.

ஆகவே வங்கிகளை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள். வயதை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். உத்திரத்தில் கரையான் இருக்கிறதா, சுவர் நேர்குத்தாக நிற்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று பாருங்கள். சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த பொறியாளரை அனுப்புங்கள். அதற்கான கட்டணத்தை வாங்குகிறவரே கொடுப்பார். பழுது பார்க்கவும் சேர்த்துக் கடன் கொடுங்கள். மரபுக் கட்டடங்களைக் காக்க நம் சட்டமன்றம் 2012-ல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. கோட்டைகளையும் அரண்மனைகளையும் காக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் ஆள் குடியிருக்கும் சாதாரண வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் குடும்பத்துக்கு வீட்டு வரியில் ஒரு சலுகை, ஒரு வட்டிக் குறைப்பு கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

இந்த ஊருக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது டேனிஷ்காரர்கள் விட்டுப்போனதை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு வந்து கட்டிய கோட்டை, 1792-ல் கட்டிய நகர வாயில், 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். 1845-ல் அவர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டடங்களை நானும் நேசிக்கிறேன், அவற்றின் நிழலில்தான் வளர்ந்தேன். ஆனால் அவர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே, 1306-ல், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கரையில் இருக்கிறது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. அந்தக் கோயிலில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடல் கொண்டுபோவதை யாரால் தடுக்க முடியும்? நம் கையால் இடிப்பதையாவது தடுக்கலாம். முடியாத காரியமும் இல்லை. சுனாமிக்குப் பிறகு இன்டாக் என்கிற மரபுப் பாதுகாப்பு அமைப்பு இங்கே சில பழைய தமிழ் வீடுகளைப் பழமை மாறாமல் சீரமைத்தது. ஒன்றிரண்டு பேர் அதைப் பார்த்துத் தங்கள் திண்ணையை இடிக்காமல் விட்டார்கள்.

மனைக்காக மட்டும் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 1991-ல் வந்த அறிவிப்பு, 2011-லும் 2019-லும் திருத்தி எழுதியிருக்கிறார்கள். இருக்கிற வீட்டைப் பழுது பார்ப்பது வேறு, இடித்துவிட்டு மாடி மேல் மாடி எழுப்புவது வேறு. அனுமதி என்ன கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு இடியுங்கள். இடித்துவிட்டு அனுமதிக்கு அலைந்து, முள்மண்டிக் கிடக்கிற மனைகளைக் காலை நடையில் நான் தினமும் பார்க்கிறேன்.

இடிக்கக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் என்ன என்று பொறையாறில் ஒரு வழக்கறிஞரைப் போய்க் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். 1882-ஆம் வருஷத்து சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி, சொத்தை முழுசாக விற்ற பிறகு அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாதாம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாளைக்கு அது அவர்கள் சொத்து. அப்படியென்றால், வாங்குகிறவர் யார் என்பதை நாங்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் வழி.

போன ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் போனில் பேசினோம். தூண்களைத் தனியாக விற்பதில்லை என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார். அதிக விலைக்குக் கேட்ட ஒரு கட்டுமானக்காரரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தைப்பொங்கல் வரை எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டை வீடாக வைத்துக்கொள்ளும் குடும்பம் கிடைத்தால் என் பங்கிலிருந்து கால் பாகத்தை விலையில் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தம்பி கேட்டதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என் பங்குலயும் குறைச்சுக்க அக்கா" என்றான். பணம் நாலு தவணையாக வந்தாலும் சம்மதம். திருவாரூர் தம்பதிக்கும் இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்குகிறவர்களுக்கு வீட்டுக் குறைகளை மறைக்க மாட்டேன். இரண்டாம் கட்டில் ஓட்டுச் சாய்ப்பின் கைமரம் மூன்று மாற்ற வேண்டும். கிழக்குப் பக்க மட்டப்பாவில் ஒரு விரிசல், ஐப்பசிக்கு முன் அடைக்க வேண்டும். மூன்றாவது தூணின் கரையான் தடம் பழையதுதான் என்று ஆசாரியை வைத்துப் பார்த்தாகிவிட்டது. கழிப்பறை கொல்லையில் இருக்கிறது, கூடத்தை ஒட்டி ஒன்று கட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்று எல்லாம் தயார். பராமரிப்பு நோட்டை வீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். சுண்ணாம்புக் கலவை தெரிந்த அந்தப் பெண்மணியிடமும் பேசியிருக்கிறேன், கூப்பிட்டால் வந்து நின்று சொல்லிக்கொடுக்கிறேன் என்றார்.

என் பெயரையும் தெருவையும் வெளியிட வேண்டாம். பழைய விளம்பரத்தில் இருந்த அண்ணனின் எண்ணை, கேட்பவர்களுக்கு உங்கள் விளம்பரப் பிரிவு கொடுத்தால் போதும். பார்க்க வருகிறவர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் வரட்டும். காற்று ரேழிக்குள் வருவது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
தரங்கம்பாடி.